கல், கொழுப்பு, சி கிருமி: பெக்கோக்கிலிருந்து ஒரு நீண்ட பதிவு

பித்தப்பையில் கல். கல்லீரலில் கொழுப்பு. ரத்தத்தில் ஹெப்படைடிஸ் சி. இந்த மூன்றும் ஒரே ஆளுக்கு ஒரே சமயத்தில் இருப்பதாக டாக்டர் சொன்னால், அவர் எதை நினைத்து முதலில் பயப்படுவார்? எங்கள் பெக்கோக் பக்கம் நான் பார்த்தவரை கல்லை நினைத்துத்தான். கல் கண்ணுக்குத் தெரிகிற பொருள். ஸ்கேன் படத்தில் வெள்ளையாகத் தெரியும், அதற்குக் கீழே கருப்பு நிழல் விழும். வலிக்கவும் செய்யும். கொழுப்பு வலிப்பதில்லை. சி கிருமியோ இருபது, முப்பது வருடம்கூடச் சத்தமில்லாமல் உடம்பில் குடியிருக்கும்.

என் பெரியம்மா மகனுக்கு இந்த மூன்றும் சேர்ந்து வந்தன. செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர், வயது அறுபதை நெருங்குகிறது. ஸ்கேன் முடிவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, இந்தக் கல்ல ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்தானே?"

"அண்ணே, கல்லுக்கு இப்ப அவசரம் இல்ல. மொதல்ல அந்தக் கிருமிய வெளியாக்கணும். கொழுப்ப மெதுவாக் கொறைக்கணும். கல்லு வலிச்சாத்தான் ஆபரேஷன் பேச்சு."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. உட்கார வைத்துப் பேசினேன். அன்று பேசியதை இன்னும் கொஞ்சம் விரித்து எழுதினால் வேறு சிலருக்கும் உதவும் என்றுதான் இந்தப் பதிவு. நான் டாக்டர் அல்ல. அரசாங்க ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் பல வருடம் ரத்தப் பரிசோதனை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிகிச்சையை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொண்டு போவதற்கு மட்டும் இதைப் படியுங்கள்.

முதலில் கொழுப்பு.

கல்லீரலில் கொழுப்பு என்றதும் எல்லாரும் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள், இரவில் தின்ற ரொட்டி சானாயை நினைக்கிறார்கள். அது சரிதான். ஆனால் சி கிருமி உள்ளவர்களுக்குக் கொழுப்பு இரண்டு வழியாகச் சேரும். ஒன்று, எல்லாருக்கும் சேருகிற வழி: கூடுதல் எடை, இனிப்பு நீர், சாராயம். இன்னொன்று, கிருமியே நேரடியாகச் சேர்க்கிற கொழுப்பு. சி கிருமியில் பல மரபணு வகைகள் உண்டு. மலேசியாவில் அதிகம் காணப்படுவது 3ஆம் வகை. இந்தியாவிலும் அதுதான் முதலிடம். கல்லீரலில் நேரடியாகக் கொழுப்பைச் சேர்ப்பதில் பேர்போனதும் அதே 3ஆம் வகைதான்.

கல்லீரல் தன்னிடம் சேரும் கொழுப்பைப் புரதத்தோடு இணைத்து ரத்தத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்தக் கிருமி அந்த அனுப்பும் வேலையைத் தடுக்கிறது. லாரி வராத நாளில் தோட்டத்துச் சாலையோரம் செம்பனைக் குலைகள் குவிந்து கிடக்குமே, அப்படிக் கொழுப்பு உள்ளேயே தேங்கிவிடும். அதனால் விசித்திரமான ஒரு முடிவு வரும்: ஸ்கேனில் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு, ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் குறைவு. "கொலஸ்ட்ரால் நல்லாத்தான இருக்கு, கொழுப்பு எங்கேருந்து வந்துச்சு?" என்று அண்ணன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். எடையும் அதிகமில்லை, குடிப்பழக்கமும் இல்லை, கொலஸ்ட்ராலும் குறைவு, ஆனால் கல்லீரலில் கொழுப்பு என்று வந்தால், சி கிருமிக்கு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கோணத்தில் யோசிக்காமலே பல வருடம் போய்விடுகிறது.

கிருமி போனதும் கிருமி சேர்த்த கொழுப்பும் பெரும்பாலும் கரைந்துவிடும். இது நல்ல செய்தி. ஆனால் எடையாலும் இனிப்பு நீராலும் வந்த கொழுப்பு அப்படியே இருக்கும். கிருமி இருந்தபோது அடங்கிக் கிடந்த கொலஸ்ட்ராலும் சிகிச்சைக்குப் பிறகு ஏறும். "மருந்து சாப்பிட்டதாலதான் கொலஸ்ட்ரால் ஏறிடுச்சு" என்று மருந்தைத் திட்டுகிறவர்கள் உண்டு. கிருமி மறைத்து வைத்திருந்த கணக்குதான் இப்போது வெளியே தெரிகிறது.

நம் மக்களுக்கு எடையாலும் இனிப்பு நீராலும் வரும் இந்தப் பங்கு சின்னதல்ல. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. பெரியவர்களில் பாதிப் பேர் எடை கூடியவர்கள். இந்தக் கணக்கெல்லாம் எங்கோ கோலாலம்பூரில் எடுத்தது என்று தள்ளிவிட முடியாது. மோனாஷ் பல்கலைக்கழகம் நடத்தும் தென்கிழக்காசியச் சமூக ஆய்வகம், சீக்கோ என்பார்கள், 2011 முதல் நம் செகாமாட் மாவட்டத்தில்தான் இயங்குகிறது. பெக்கோக், சா'ஆ, கெமெரே, ஜாபி, சுங்கை செகாமாட் என்று ஐந்து முக்கிம்கள், ஏறக்குறைய 40,000 பேர். வீடு வீடாக வந்து எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்துப் போனவர்களை நம் ஊரில் பலருக்கு நினைவிருக்கும். அவர்கள் கதவைத் தட்டினால் திறந்து விடுங்கள். நம் ஊர் உடம்பைப் பற்றிய உண்மை அப்படித்தான் தெரிய வரும்.

அடுத்தது கல்.

பித்தநீரைச் செய்வது கல்லீரல். அதைச் சேர்த்து வைப்பது மட்டும்தான் பித்தப்பையின் வேலை. கல்லீரல் கெட்டால் பித்தநீரின் கலவையும் கெடும். கொலஸ்ட்ரால் கூடினால் ஒருவகைக் கல். கல்லீரல் சுருங்கி இறுகும் நிலையில், அதாவது சிரோசிஸ் வந்தபின், மண்ணீரல் வீங்கி ரத்தச் சிவப்பணுக்களை அதிகமாக உடைக்கும். அந்தச் சிதைவிலிருந்து வரும் நிறமி சேர்ந்து கருப்புக் கல்லாகும். பித்தப்பையும் சோம்பிப்போய்ச் சரியாகச் சுருங்காது. சிரோசிஸ் உள்ளவர்களுக்குப் பித்தக்கல் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அமெரிக்காவில் 13,000க்கும் மேற்பட்ட பெரியவர்களின் தகவலை வைத்து 2005இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், சி கிருமி உள்ள ஆண்களுக்குப் பித்தக்கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று தெரிந்தது. பெண்களிடம் அந்த வித்தியாசம் தென்படவில்லை. பெண்களுக்குப் பிள்ளைப்பேறும் ஹார்மோனும் காரணமாகக் கல் ஏற்கெனவே அதிகம். "பித்தக்கல் பொம்பளைங்க நோய்" என்கிற பேச்சு நம்மிடம் உண்டு. அறுபது வயது ஆணுக்குக் கல் என்று ஸ்கேன் சொன்னால், கல்லீரலையும் ஒருமுறை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள் என்பேன்.

பித்தக்கல் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தொல்லை தராது. தொல்லை தராத கல்லை எடுக்கத் தேவையில்லை. தொல்லை தரும் வலி எப்படி இருக்கும்? எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு, பல சமயம் நடுராத்திரியில், வலது விலாவுக்குக் கீழோ நடு வயிற்றின் மேலோ பிடிக்கும். வலது தோள்பட்டைக்கோ முதுகுக்கோ ஏறும். அரை மணி முதல் சில மணி நேரம் நீடித்துத் தானாக விடும். இதைத்தான் நம் ஆட்கள் "கேஸ்ட்ரிக்" என்று சொல்லி, ஈனோ கரைத்துக் குடித்துவிட்டுப் படுக்கிறார்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் மஞ்சள் இதோடு சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கல் பித்தக்குழாயை அடைத்துச் சீழ் பிடித்திருக்கலாம். பெக்கோக்கிலிருந்து லாபிஸ் கடந்து செகாமாட் ஆஸ்பத்திரி போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

அறுவை சிகிச்சை என்று முடிவானால், "எனக்கு ஹெப்படைடிஸ் சி இருக்கு, கல்லீரல் எந்த அளவுக்குக் கெட்டிருக்குன்னு பாத்துட்டீங்களா?" என்று கட்டாயம் கேளுங்கள். சிரோசிஸ் முற்றியவருக்குச் சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்கூட ஆபத்து. ரத்தம் உறையாது, புண் ஆறாது. இன்னொன்று: கல்லீரல் நோயிலேயே பித்தப்பையின் சுவர் தடித்துத் தெரியும். ஸ்கேனில் "சுவர் தடிப்பு" என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து, பித்தப்பை அழற்சி என்று நாமே முடிவு கட்டக் கூடாது.

இப்போது கிருமி. இந்தப் பகுதியை எழுதும்போது எனக்கு மனம் நிறைகிறது, காரணம் இது வென்ற கதை.

சி கிருமியைக் கண்டுபிடித்ததே 1989இல்தான். அதைச் சாத்தியமாக்கிய மூவருக்கு, ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹூட்டன், சார்ல்ஸ் ரைஸ், 2020இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 1989க்கு முன்னால் தானமாக வந்த ரத்தத்தில் இந்தக் கிருமியைத் தேட வழியே இல்லை. பிரசவத்திலோ விபத்திலோ அந்தக் காலத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்ட எத்தனையோ பேர் எதுவும் அறியாமல் வாங்கிக்கொண்டு வந்தார்கள். சி கிருமி என்றாலே போதை ஊசி என்று நினைத்து முகம் சுளிப்பவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். 2009 நிலவரப்படி மலேசியாவில் 15 முதல் 64 வயதுக்குள் 4,50,000க்கும் மேற்பட்டவர்களுக்கு, அதாவது 2.5 விழுக்காட்டினருக்கு, இந்தத் தொற்று இருந்ததாக மதிப்பிட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய 59 விழுக்காட்டினருக்குப் போதை ஊசி வழியாக வந்தது. மீதி 41 விழுக்காடு? ரத்தம் ஏற்றியது, சுத்தமில்லாத ஊசி, பச்சை குத்தியது போன்ற வேறு வழிகள். போதை ஊசி வழியாக வந்தவரும் நம் வீட்டுப் பிள்ளைதான். அவருக்கும் இதே மருந்து, இதே மரியாதை.

முன்பிருந்த சிகிச்சை கொடுமையானது. இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஓடும். காய்ச்சல், முடி கொட்டுதல், மனச்சோர்வு. பாதியில் விட்டவர்கள் ஏராளம். 2013இல் சொஃபோஸ்புவிர் வந்தது. மாத்திரைதான், 12 வாரம், பெரும்பாலோருக்குக் குணம். ஆனால் அமெரிக்காவில் அதன் விலை ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர். நம் தோட்டத்துத் தொழிலாளி எங்கே போவார்?

2017 செப்டம்பரில் மலேசிய அரசு, காப்புரிமைச் சட்டத்தில் உள்ள அரசுப் பயன்பாட்டு உரிமையை எடுத்துக்கொண்டு, சொஃபோஸ்புவிரின் மலிவுப் பதிப்பை வாங்க வழி திறந்தது. இந்த மருந்துக்கு இப்படிச் செய்த முதல் நாடு மலேசியா. 2003இல் எச்.ஐ.வி. மருந்துகளுக்கு ஏற்கெனவே ஒருமுறை செய்த அனுபவம் நமக்கு இருந்தது. அமெரிக்க மருந்து நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. பினாங்கில் இயங்கும் மூன்றாம் உலக வலையமைப்பு போன்றவையும் நோயாளிகள் அமைப்புகளும் இதற்காகப் பல காலம் குரல் கொடுத்திருந்தன. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் டாக்டர் எஸ். சுப்பிரமணியம். தோல் நோய் நிபுணர், அன்றைய ம.இ.கா. தலைவர், 2004 முதல் 2018 வரை செகாமாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர். பெக்கோக் லாபிஸ் தொகுதியில் சேர்ந்தது என்றாலும் மாவட்டம் செகாமாட்தான். அரசியல் கருத்து ஆளுக்கு ஆள் வேறுபடும். இந்த ஒரு முடிவுக்காக அவருக்கும் அந்த அமைச்சின் அதிகாரிகளுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். 12 வார மருந்து 300 டாலர் அளவுக்கு இறங்கியது. 2018இலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு இலவசம்.

கதை அத்தோடு நிற்கவில்லை. டி.என்.டி.ஐ. என்னும் லாப நோக்கமற்ற அமைப்பும் எகிப்தின் ஃபார்கோ நிறுவனமும் மலேசிய சுகாதார அமைச்சும் சேர்ந்து ராவிடாஸ்விர் என்ற இன்னொரு மருந்தைச் சோதித்தன. மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 நோயாளிகள் பங்கெடுத்த அந்தச் சோதனையில், சொஃபோஸ்புவிரோடு சேர்த்துக் கொடுத்தபோது 97 விழுக்காட்டினர் குணமானார்கள். 2021 ஜூனில் மலேசியா அதைப் பதிவு செய்தது. உலகில் இன்னும் 5 கோடிப் பேர் இந்தக் கிருமியோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் 2024இல் சொன்னது. அவர்களில் பலருடைய நாட்டில் மருந்து கைக்கெட்டாத தூரம். நமக்கு அது செகாமாட் தூரம்தான்.

மருந்து எடுக்கத் தொடங்குமுன் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. இனிப்பு நீருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்குக் கிருமி குறையக் குறைய ரத்தச் சர்க்கரையும் இறங்கலாம். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் மயக்கம் வரும், ஆகவே அடிக்கடி சோதியுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை, இதயத் துடிப்புக்கான அமியோடரோன் இரண்டையும் மறக்காமல் சொல்லுங்கள். ஹெப்படைடிஸ் பி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவார்கள்; சி போகும்போது பி கிளம்பக்கூடும். சிரோசிஸ் உள்ளவர்களுக்கு 12 வாரத்துக்குப் பதிலாக 24 வாரம்கூடக் கொடுப்பார்கள்.

ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று. முதல் சோதனை எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கிறது. அது பாசிட்டிவ் என்றால் கிருமியை எப்போதோ சந்தித்திருக்கிறீர்கள் என்று பொருள்; சிலருக்கு அது தானாகவே போயிருக்கும். கிருமி இப்போது இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ. சோதனையோ கோர் ஆன்டிஜென் சோதனையோதான் சொல்லும். குணமான பிறகும் எதிர்ப்பொருள் ஆயுள் முழுக்கப் பாசிட்டிவ்தான். அதைப் பார்த்துவிட்டு "திரும்பி வந்திடுச்சு" என்று இடிந்துபோக வேண்டாம். மருந்து முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் ஆர்.என்.ஏ. முடிவுதான் தீர்ப்பு.

இனி, கொழுப்பைக் குறைக்கும் விஷயத்தில் ஒரு சிக்கல். கொழுப்புக்கு எடை குறைய வேண்டும். எடை வேகமாகக் குறைந்தால் கல் சேரும். பட்டினி கிடந்தால் பித்தப்பை சுருங்காமல் பித்தநீர் தேங்கும். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைப்பது கல்லுக்கு அழைப்பு. ஆகவே வாரத்துக்கு அரைக் கிலோ போதும். உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் அழற்சியும் தணியும். காலையில் பசியாறாமல் வேலைக்குப் போய், இரவு பத்து மணிக்கு மாமாக் கடையில் ஒரேயடியாகச் சாப்பிடும் பழக்கம் கல்லுக்கும் கொழுப்புக்கும் சேர்த்தே கெடுதல். தே தாரிக்கில் சீனிப்பாலைக் குறையுங்கள், சிராப்பை விடுங்கள். அண்ணனுக்கு நான் சொன்னது, "சோத்தப் பாதியாக்குங்க, கீரையையும் கடலையையும் ரெண்டு மடங்காக்குங்க, சாயங்காலம் பெக்கோக் டவுன் வரைக்கும் நடந்து வாங்க." பால் இல்லாத காப்பி கல்லீரலுக்கு நல்லது என்று ஆய்வுகள் சொல்கின்றன, சீனி போடாமல் குடியுங்கள்.

சாராயம் பற்றிச் சமரசம் கிடையாது. சி கிருமி, கொழுப்பு, மது மூன்றும் சேர்ந்தால் சிரோசிஸ் மிக வேகமாக வரும். கள்ளும் சம்சுவும் நம் தோட்டத்து மக்களை எவ்வளவு அழித்தன என்பது எல்லாருக்கும் தெரியும். பீர்தானே என்பவர்களுக்கும் இதே பதில்தான்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் கல் கரைக்கும் வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். சில நாள் ஆப்பிள் சாறு, பிறகு எப்சம் உப்பு, இரவில் ஒலிவ எண்ணெயும் எலுமிச்சையும். மறுநாள் மலத்தில் பச்சைக் கட்டிகள் வரும், "அதுதான் கல்" என்பார்கள். அப்படி வந்த கட்டிகளை ஆய்வகத்தில் சோதித்தபோது, குடித்த எண்ணெயே வயிற்றில் சோப்பாக மாறிய உருண்டைகள் என்று தெரிந்தது. கல் பித்தப்பையில் அப்படியே இருக்கும். இனிப்பு நீர்க்காரர்களுக்கு அத்தனை சாறு ஆபத்தும்கூட. கீழாநெல்லியை நான் இழிவாகப் பேச மாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு அதை ஹெப்படைடிஸ் பி நோயாளிகளிடம் சோதித்து 1988இல் லான்செட் இதழில் எழுதியது. பின்னால் வந்த ஆய்வுகள் அந்தப் பலனை உறுதி செய்யவில்லை. சி கிருமியை அது போக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 12 வாரத்தில் குணமாக்கும் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும்போது, கீழாநெல்லியை நம்பி இரண்டு வருடம் தள்ளிப்போடுவது வீண் இழப்பு.

கிருமி போனபின் சிரோசிஸ் இல்லாதவர்களுக்குப் பெரிய கவலை இல்லை. எடையையும் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டால் போதும். சிரோசிஸ் வந்துவிட்டவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேனை விடவே கூடாது. கிருமி போனாலும் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அவர்களுக்கு மிச்சமிருக்கிறது. "குணமாயிட்டேன்" என்று சொல்லி அந்த ஸ்கேனை நிறுத்தியவர்கள்தான் கடைசியில் தாமதமாக வருகிறார்கள். கிருமி மறுபடியும் தொற்றவும் முடியும். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ பரவாது; ரத்தம் ரத்தத்தோடு கலந்தால்தான் பரவும். சவரக்கத்தி, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி பொதுவில் வேண்டாம். தைப்பூசத்துக்கு அலகு குத்துபவர்கள் ஆளுக்குத் தனித்தனிப் புது அலகு என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அண்ணன் மருந்தை எடுக்கத் தொடங்கிவிட்டார். கல் அப்படியேதான் இருக்கிறது, வலி இல்லை.

1990களின் நடுப்பகுதிக்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், எப்போதாவது ஊசியைப் பகிர்ந்தவர்கள், பச்சை குத்தியவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், கல்லீரலில் கொழுப்பு என்றோ பித்தப்பையில் கல் என்றோ ஸ்கேன் முடிவு வாங்கியவர்கள் எல்லாரும் அடுத்த முறை அரசாங்க கிளினிக்குக்குப் போகும்போது, அந்த ஒரு வெள்ளிச் சீட்டோடு, "எனக்கு ஹெப்படைடிஸ் சி டெஸ்ட் எடுங்க" என்று வாய் திறந்து கேளுங்கள். உங்கள் அப்பா அம்மாவுக்கும் கேட்டு வாங்குங்கள்.